வீட்டுல படிக்கிற டீனேஜ் பசங்களுக்கு மென்டரோட கிளாசிக்கல் கல்வி: கோர்ஸ் தேடுறதுல ஆரம்பிச்சு டிரான்ஸ்கிரிப்ட் வரைக்கும்

ஹோம்ஸ்கூல் பண்ற வீடுகள்ல பிள்ளைக்கு பதிமூணு பதினாலு வயசு ஆகுறப்ப ஒரு கட்டம் வரும், அதுவரைக்கும் அம்மாவோ அப்பாவோ பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்ததே போதுமா இருந்திருக்கும், இப்ப அது கேக்கற கேள்விக்கு நமக்கே பதில் தெரியாது, தெரிஞ்சு சொன்னாலும் நம்ம வாயில இருந்து வந்தா காதுல ஏறாது. இந்த இடத்துலதான் வெளியில இருந்து ஒரு மென்டர் வேணும்னு தோணும். கிளாசிக்கல் கல்வி மேல ஆர்வம் இருக்கறவங்க இந்த மாதிரி கோர்ஸ் தேட ஆரம்பிச்சதும் முதல்ல பாக்கறது புத்தகப் பட்டியல்தான். கிரீக் கவி ஹோமர் இருக்கா, தத்துவஞானி பிளேட்டோ இருக்கா, லத்தீன் உண்டா, அவ்ளோதான். என்னைக் கேட்டா பட்டியலைக் கடைசியா பாத்துக்கலாம், அது எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அந்தப் புத்தகங்களும் லைப்ரரியில சும்மாவே கிடைக்குது. நீங்க காசு குடுக்கறது உங்க பிள்ளை எழுதினதையும் பேசினதையும் ஒரு நல்ல வாசகர் உக்காந்து கவனிச்சு திருப்பி கேள்வி கேக்கறதுக்குத்தான். கோர்ஸை எடை போட வேண்டிய இடம் அதுதான், இந்த வழிகாட்டி முழுக்க அதை வச்சுத்தான் போகும்.

முதல்ல, கிளாசிக்கல் கல்வினா என்னன்னு சுருக்கமா

பழைய ஐரோப்பிய மரபுல ஏழு கலைகள்னு சொல்வாங்க. இலக்கணம், தர்க்கம், சொற்கலை (கேக்கறவங்க ஏத்துக்கற மாதிரி பேசற, எழுதற கலை) இந்த மூணும் சேர்ந்தது டிரிவியம். எண் கணிதம், ஜியோமெட்ரி, இசை, வானியல் இந்த நாலும் குவாட்ரிவியம். மொழியைக் கையாளத் தெரிஞ்சவன் எதையும் தானா கத்துக்குவான்ங்கறதுதான் முதல் மூணோட அடிப்படை. 1947ல இங்கிலீஷ் எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு உரை நிகழ்த்தினாங்க, அதுல இந்த மூணையும் பிள்ளைங்க வளர்ற மூணு பருவத்தோட பொருத்திக் காட்டினாங்க. சின்ன வயசுல கிளி மாதிரி மனப்பாடம் பண்ணும், அதுக்கப்புறம் எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசும், அதுக்கப்புறம் தன்னோட சொந்தக் குரல்ல சொல்லணும்னு தவிக்கும்னு. இன்னைக்கு நடக்கற ஹோம்ஸ்கூல் கிளாசிக்கல் கோர்ஸ்கள்ல பெரும்பாலானது இந்தப் பொருத்தத்தை வச்சுதான் கட்டியிருக்கு. இடைக்காலத்துல யாரும் இதை வயசு வாரியா பிரிக்கல, இது சேயர்ஸோட யோசனை, அதனால இதை வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். ஆனா டீனேஜ் பிள்ளை வச்சிருக்கறவங்களுக்கு அந்த ரெண்டாவது பருவத்தோட வர்ணனை எவ்ளோ கச்சிதம்னு நான் சொல்லணுமா என்ன. அந்த எதிர்த்துப் பேசற குணத்துக்கு முறையான பயிற்சி குடுக்கறதுதான் தர்க்கம், அதுக்குத்தான் மென்டரே தேவைப்படுது.

படி 1: பிள்ளைகிட்ட கேளுங்க, அப்புறம் ஒரு சின்ன சோதனை

பிள்ளைக்கு இஷ்டமில்லாம இந்த வகைக் கோர்ஸ்ல சேக்காதீங்க. கணக்கு கோர்ஸ்ல இஷ்டமில்லாம உக்காந்தாலும் ஏதாவது மண்டையில ஏறும், டிஸ்கஷன் கிளாஸ்ல வாயத் திறக்காம உக்காந்தா ஒண்ணுமே கிடைக்காது.

அப்புறம் பிள்ளை எங்க நிக்குதுன்னு பாக்கணும். இதுக்கு பெரிய டெஸ்ட் எதுவும் வேணாம். கொஞ்சம் கஷ்டமான பழைய உரைநடை ஒரு பத்து பக்கம் குடுத்து படிக்கச் சொல்லுங்க, படிச்சு முடிச்சதும் புத்தகத்தை மூடிட்டு என்ன படிச்சன்னு வாயால சொல்லச் சொல்லுங்க, அதுக்கப்புறம் இதை எழுதினவர் சொல்றதுல உனக்கு எது ஒத்துக்கல, ஏன்னு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க. படிச்சதை வரிசையா சொல்ல முடியலன்னா வாசிப்புதான் முதல்ல பலப்படணும். சொல்ல முடியுது, எழுத வரலன்னா எழுத்துக்கு அழுத்தம் குடுக்கற கோர்ஸ் பாருங்க. ரெண்டும் வருது, ஆனா எழுதினது பூரா "எனக்குப் பிடிக்கல" ரகமா இருந்தா லாஜிக்ல ஆரம்பிக்கலாம். வயசைப் பாத்து லெவல் முடிவு பண்றதை விட இது எவ்வளவோ மேல், பதினாறு வயசுல அடிப்படை எழுத்துக் கோர்ஸ்ல சேர்றதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல.

படி 2: கோர்ஸ் வகையை புரிஞ்சுக்கோங்க

மென்டர்ங்கற வார்த்தையை இப்ப எல்லாரும் போட்டுக்கறாங்க, வீடியோ ரெக்கார்டிங் அனுப்பிட்டு மாசம் ஒரு தடவை ஈமெயிலுக்கு பதில் போடறவங்களும் மென்டர்தான்னு சொல்லிக்கறாங்க. உண்மையில மூணு வகை இருக்கு.

ஒண்ணு செமினார். எட்டுல இருந்து பன்னெண்டு பேர் வரைக்கும் ஒண்ணா உக்காந்து ஒரே புத்தகத்தைப் பத்திப் பேசறது, மென்டர் ஒரு கேள்வியோட ஆரம்பிச்சு வைப்பார். அமெரிக்காவுல அன்னபோலிஸ்ல இருக்கற செயின்ட் ஜான்ஸ் காலேஜ் 1937ல இருந்து இந்த முறையிலதான் நடக்குது, அங்க ஆசிரியரை புரொபசர்னே கூப்பிட மாட்டாங்க, டியூட்டர்தான். அதே மாதிரி ஃபிலிப்ஸ் எக்ஸெட்டர் பள்ளியில 1930ல எட்வர்ட் ஹார்க்னஸ்ங்கறவரோட நன்கொடையில ஆரம்பிச்ச, எல்லாரும் ஒரே நீள்வட்ட மேஜையைச் சுத்தி உக்காந்து பேசற முறையும் பிரபலம்.

ரெண்டாவது டுட்டோரியல், ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் பாணி. ஒண்ணு ரெண்டு மாணவர்தான், வாராவாரம் ஒரு கட்டுரை எழுதிட்டு வரணும், மென்டர் அதை வரி வரியா கிழிப்பார். எழுத்து வளர்றதுக்கு இதை மிஞ்சின வழி கிடையாது, ஆனா செலவு ஜாஸ்தி, கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு ஆரம்பத்துல பயமாவும் இருக்கும்.

மூணாவது, ரெக்கார்டிங் பாத்து தானா படிச்சு, எழுதினதை மட்டும் அனுப்பி திருத்தி வாங்கறது. லத்தீன் இலக்கணம், ஃபார்மல் லாஜிக் மாதிரி விடை சரியா தப்பான்னு சொல்லிடக்கூடிய பாடத்துக்கு இது தாராளமா போதும். கிரீக் நாடகத்துக்கும் தத்துவத்துக்கும் போதாது.

நன்னூல்ல பவணந்தி முனிவர் ஒரு கணக்கு சொல்வார், ஆசிரியர் சொன்னதை எவ்ளோ ஒழுங்கா கேட்டாலும் கால் பங்குதான் பிடிபடும், கூடப் படிக்கறவங்களோட பழகிப் பேசறதுல இன்னொரு கால், மிச்ச அரைப் பங்கும் அடுத்தவங்களுக்கு எடுத்துச் சொல்றப்பதான் வரும்னு. பதிமூணாம் நூற்றாண்டுல எழுதினது. வீட்டுல தனியா படிக்கற பிள்ளைக்கு இந்த ரெண்டாவது காலும் மூணாவது அரையும்தான் அடிபட்டுப் போகுது, அதனால பட்ஜெட்டுல ஒண்ணே ஒண்ணுதான் எடுக்க முடியும்னா செமினாரை எடுங்க, அதுலயும் மாணவர்களே மாத்தி மாத்தி டிஸ்கஷனை நடத்தற செமினாரா இருந்தா இன்னும் நல்லது.

படி 3: மென்டரை எடை போடறது

டிரையல் கிளாஸ் கேளுங்க, இல்ல ஒரு முழு கிளாஸ் ரெக்கார்டிங்காவது கேளுங்க. பாக்கறப்ப யார் எவ்ளோ நேரம் பேசறாங்கன்னு கவனிங்க. ஒரு மணி நேர கிளாஸ்ல மென்டரே நாப்பது நிமிஷம் பேசினார்னா அது லெக்சர், அவர் எவ்ளோ பிரமாதமா பேசினாலும் சரி.

நல்லா நடத்தறதுனா எப்படி இருக்கும்ங்கறதுக்கு பிளேட்டோ எழுதின மேனோங்கற உரையாடல் நூல்ல வர்ற ஒரு காட்சியே போதும். சாக்ரடீஸ் படிப்பறிவில்லாத ஒரு அடிமைப் பையனைக் கூப்பிட்டு, பக்கம் ரெண்டு அடி இருக்கற ஒரு சதுரத்தை வரைஞ்சு, பரப்பு நாலு, இதுக்கு ரெண்டு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்கு பக்கம் எவ்ளோம்பார். பையன் யோசிக்காம நாலுன்னு சொல்லுவான். சாக்ரடீஸ் தப்புன்னு சொல்ல மாட்டார், சரி அப்படியே வரைவோம்னு வரைஞ்சு காட்டி எண்ண வைப்பார், பதினாறு வந்துடும். அப்ப மூணும்பான். ஒன்பது வரும், வேண்டியது எட்டு. இப்ப பையன் எனக்குத் தெரியலன்னு ஒத்துக்குவான், சாக்ரடீஸ் அந்த இடத்துல நிறுத்தி, கூட இருந்து பாக்கற மேனோவைப் பாத்து, முன்னாடி தெரியாமயே தெரியும்னு நினைச்சிட்டிருந்தான், இப்ப நிலைமை தேவலையா இல்லையான்னு கேப்பார். அதுக்கப்புறம்தான் மூலைவிட்டத்துக்குப் போவார். நீங்க பாக்கற கிளாஸ்ல பிள்ளை தப்பா ஒண்ணு சொன்னா மென்டர் உடனே திருத்தறாரா, இல்ல அந்தத் தப்பையே கொஞ்ச தூரம் நடக்க விட்டு அது எங்க போய் முட்டுதுன்னு பிள்ளையையே பாக்க வைக்கறாரா? இந்த ஒரு விஷயத்தை வச்சே பாதி முடிவு பண்ணிடலாம். (சாக்ரடீஸ் பதிலை அவன் வாயில ஊட்டி விடறார்னு ரொம்ப காலமா ஒரு புகார் இருக்கு, அதுலயும் நியாயம் இருக்கு, அதையே கிளாஸ்ல விவாதத்துக்கு எடுத்தா இன்னும் அருமை.)

அடுத்து, ஏற்கனவே திருத்தின ஒரு கட்டுரையை மாணவர் பேரை மறைச்சிட்டு காட்டச் சொல்லிக் கேளுங்க. இதைக் கேக்கப் பல பெற்றோர் கூச்சப்படறாங்க, கூச்சமே வேணாம். ஒரு பிள்ளை ஹோமரோட ஒடிஸி காவியத்தை (போர் முடிஞ்சு ஒடிஸியஸ் ஊர் திரும்பற கதை) படிச்சிட்டு "ஒடிஸியஸ் சிறந்த தலைவன், ஏன்னா அவன் புத்திசாலி, தைரியசாலி" அப்படின்னு எழுதியிருக்குன்னு வைங்க. பக்கத்துல "நன்று, இன்னும் விவரம் தேவை"ன்னு ஒரு வரி, கீழ பத்துக்கு ஏழுன்னு போட்டிருந்தா அந்த மென்டருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. நல்ல மென்டர் எழுதினது இப்படி இருக்கும்: "தலைவன்ங்கற. அவனோட கிளம்பின அத்தனை பேர்ல ஒருத்தன்கூட உயிரோட ஊர் திரும்பலையே, இதுக்கு என்ன பதில் வச்சிருக்க? கவிதையோட ஆரம்ப வரிகளைத் திரும்பப் படி, அங்க பழி யார் மேல விழுது? ஒன்பதாம் பாகத்துல ஒத்தக்கண்ணன்கிட்ட இருந்து தப்பிச்சு வர்றவன் தன் பேரைக் கத்திச் சொல்றானே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா? இதைப் பாத்துட்டும் உன் கருத்து நின்னா, இன்னும் பலமா நிக்கும்." இதைப் படிக்கற பிள்ளை புத்தகத்தைத் திரும்ப எடுத்தே ஆகணும்.

மென்டர்கிட்ட கேக்க வேண்டிய மத்த கேள்விகள் சுருக்கமா. கிளாஸ்ல எத்தனை பேர்? கட்டுரை குடுத்தா எத்தனை நாள்ல திருத்தி வரும், அதைத் திருத்தி ரெண்டாவது ட்ராஃப்ட் குடுக்க அனுமதி உண்டா? (ரெண்டாவது ட்ராஃப்ட் வாங்காத எழுத்துக் கோர்ஸ் எழுத்துக் கோர்ஸே இல்லைங்கறது என் அபிப்பிராயம்.) அவரே திருத்தறாரா, வேற யாராவது உதவியாளர் திருத்தறாங்களா? பேசாத பிள்ளையை எப்படிப் பேச வைக்கறார்? நேரம் எந்த டைம் ஜோன்ல?

ரெண்டு விஷயம் தனியா சொல்லணும். கிளாசிக்கல் ஹோம்ஸ்கூல் இயக்கம் அமெரிக்காவுல பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் மத்தியில வளர்ந்தது, அதனால நிறைய கோர்ஸ்கள்ல அந்த நம்பிக்கை பாடத்தோடயே பின்னியிருக்கும், சிலதுல நம்பிக்கை அறிக்கையில கையெழுத்தே கேப்பாங்க. மதச்சார்பில்லாத கோர்ஸும் இருக்கு. எது உங்களுக்குத் தோதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும், ஆனா சேந்ததுக்கு அப்புறம் தெரிஞ்சுக்காதீங்க. இன்னொண்ணு பாதுகாப்பு. தனி டுட்டோரியல்னா வீட்டோட பொது இடத்துல உக்காந்து நடக்கட்டும், மென்டர் பிள்ளைக்கு அனுப்பற மெசேஜ் எல்லாத்துலயும் பெற்றோரும் இருக்கணும், கிளாஸ் ரெக்கார்டிங் உங்களுக்குக் கிடைக்கணும். நல்ல மென்டர்கள் இதை நீங்க கேக்கறதுக்கு முன்னாடி அவங்களே சொல்லிடுவாங்க. தயங்கறவங்க எவ்ளோ பெரிய அறிஞரா இருந்தாலும் வேண்டாம்.

படி 4: முதல் வருஷத்துக்கு என்ன எடுக்கலாம்

ஆசைப்பட்டு அஞ்சு கோர்ஸ் போட்டுடாதீங்க. மென்டர் நடத்தறது ரெண்டு, மிஞ்சினா மூணு. நான் சொல்ற ஜோடி: ஒரு வாசிப்பு செமினார், அதோட ஒரு எழுத்து அல்லது லாஜிக் கோர்ஸ். கணக்கு, அறிவியல் எல்லாம் நீங்க ஏற்கனவே பண்ற வழியிலயே போகட்டும்.

வாசிப்பு. பெரும்பாலான செமினார் ஹோமர்ல ஆரம்பிச்சு கிரீக் நாடகம், வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பிளேட்டோன்னு காலவரிசையில போகும். ஒடிஸி இருபத்தி நாலு பாகம், வாரம் ரெண்டுன்னு வச்சா பன்னெண்டு வாரம், டீனேஜ் பிள்ளைக்கு அது சரியான வேகம். இலியட், ஒடிஸி, அஞ்சு நாடகம், பிளேட்டோவோட ரெண்டு உரையாடல் நூல் எல்லாத்தையும் ஒரே செமஸ்டர்ல முடிக்கறோம்னு சொல்ற கோர்ஸ் பட்டியலைத்தான் முடிக்கும். எந்த மொழிபெயர்ப்புன்னு கேட்டு அதே பதிப்பையே வாங்குங்க. ஃபேகிள்ஸோட ஒடிஸி 1996ல வந்தது, எமிலி வில்சனோடது 2017ல, ரெண்டும் ரெண்டு விதமா ஒலிக்கும், கிளாஸ்ல எல்லாரும் ஒரு வரியைப் பாக்கறப்ப உங்க பிள்ளை மட்டும் வேற வரியைத் தேடிட்டு இருக்கும். மீடியா, ஈடிபஸ் மாதிரி நாடகங்கள்ல கொலை, முறைதவறின உறவுன்னு கனமான விஷயங்கள் வரும், நீங்க முன்னாடியே ஒரு தடவை படிச்சிட்டா நல்லது.

லாஜிக். ஒரு வருஷம் முறையா படிச்சா வாழ்நாள் பூரா உதவும், ஆனா இதுக்குத்தான் ரொம்பப் பேர் நேரம் ஒதுக்கறதில்ல. அரிஸ்டாட்டிலோட சிலாஜிசம்ல (ரெண்டு கூற்றுல இருந்து ஒரு முடிவுக்கு வர்ற வாத வடிவம்) ஆரம்பிக்கும், மொத்தம் 256 வடிவம் சாத்தியம், மரபுக் கணக்குப்படி அதுல 24தான் செல்லும். "எல்லா பூனைக்கும் நாலு கால், இந்த மேஜைக்கும் நாலு கால், அதனால இந்த மேஜை பூனை"ன்னா சிரிக்கற பிள்ளை, இதே வடிவத்துல வர்ற விளம்பரத்தையும் அரசியல் பேச்சையும் பாத்து சிரிக்காது, ஏன்னா அங்க முடிவு கேக்க நம்பற மாதிரி இருக்கும். முடிவு நல்லா இருக்கு, வாதம் செல்லாதுன்னு பிரிச்சுப் பாக்கற பழக்கம்தான் இந்தக் கோர்ஸோட மொத்த லாபம். தமிழ் படிக்கற பிள்ளைனா மணிமேகலையோட 29வது காதையையும் பக்கத்துல வைங்க, அனுமானத்தோட உறுப்பு என்னென்ன, அதுல என்னென்ன போலி வரும்னு வரிசையா வரும், உரையோட படிக்கணும், லேசா இருக்காது.

லத்தீன். கட்டாயம் இல்ல, ஆனா எடுத்தா தமிழ் தெரிஞ்ச பிள்ளைக்கு ஒரு சௌகரியம் இருக்கு. இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்ச பிள்ளைங்க திணர்ற முதல் இடமே வேற்றுமைதான், நமக்கு எட்டு வேற்றுமை பழக்கம். புவெல்லா அக்ரிகோலம் விடெத் அப்படின்னா பெண் விவசாயியைப் பாக்கறா. அக்ரிகோலாவுல கடைசியில ஒட்டின அந்த ம் சத்தம்தான் நம்ம ஐ உருபு. அக்ரிகோலம் புவெல்லா விடெத்னு மாத்திப் போட்டாலும் பாக்கறது பெண்தான், விவசாயியைப் பெண் பாக்கறான்னு நாம மாத்திச் சொன்னா அர்த்தம் மாறாத மாதிரியே. வினைச்சொல் கடைசியில வர்றதும் நமக்குப் புதுசில்ல. ஆனா பெயர்ச்சொல்லுக்கு அஞ்சு வாய்ப்பாடு, வினைக்கு நாலு வாய்ப்பாடு, அதை மனப்பாடம் பண்ணித்தான் ஆகணும், தினம் இருபது நிமிஷம். வாரத்துக்கு ஒருநாள் ரெண்டு மணி நேரம் உக்காந்தா வராது.

ஜியோமெட்ரி. ஒரு வருஷம் பழைய கிரீக் கணித மேதை யூக்ளிடோட நூலை நேரடியா எடுக்கற மென்டர் கிடைச்சா விட்டுடாதீங்க. முதல் புத்தகத்துல 48 கூற்று, 47வது பித்தகோரஸ் தேற்றம், அதுதான் வருஷத்தோட இலக்கு. நோட் பாக்காம போர்டுல நின்னு நிரூபிக்கணும், மத்தவங்க ஒவ்வொரு வரிக்கும் ஏன்னு கேப்பாங்க. முதல் கூற்றுலயே ரெண்டு வட்டம் வரைஞ்சு அது வெட்டிக்கற புள்ளியை வச்சு சமபக்க முக்கோணம் கட்டுவார், அந்த ரெண்டு வட்டமும் வெட்டிக்கும்னு எங்க நிரூபிச்சிருக்குன்னு ஒரு பிள்ளை கேட்டுச்சுன்னா, அது கேட்டது நிஜமாவே யூக்ளிட் விட்டுட்டுப் போன இடம். அந்தக் கேள்வியைக் கண்டு சந்தோஷப்படற மென்டர் உங்களுக்கு வேணும்.

படி 5: வார ஒழுங்கு

கிளாஸ் ஒரு மணி நேரம்னா வீட்டு வேலை மூணு நாலு மணி நேரம் எடுக்கும், இதைக் கணக்குல சேக்காம டைம்டேபிள் போடறவங்கதான் மூணாவது மாசம் கோர்ஸை விடறாங்க. வாசிப்பை கிளாஸுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரே மூச்சுல படிக்க விடாதீங்க, நாலு நாளா பிரிங்க. பென்சிலோட படிக்கட்டும், புரியாத இடத்துல ஒரு குறி, ஒத்துக்காத இடத்துல வேற குறி. கிளாஸுக்குப் போறதுக்கு முன்னாடி கையில ரெண்டு கேள்வி எழுதி வச்சிருக்கணும், அதுல ஒண்ணுக்காவது பதில் புத்தகத்துல நேரடியா இருக்கக் கூடாது. "அக்கிலிஸ் ஏன் கோவப்பட்டான்"ங்கறதுக்கு பதில் இலியட்டோட முதல் பாகத்துலயே இருக்கு. "அகமெம்னோன் அத்தனை பரிசு குடுக்கறேன்னு சொன்னதுக்கு அப்புறமும் கோவம் ஏன் தணியல"ங்கறது டிஸ்கஷன் கேள்வி.

கூச்சப்படற பிள்ளைக்கு ஒரு வழி: கிளாஸ் ஆரம்பிச்ச முதல் பத்து நிமிஷத்துல தன் கேள்வியைக் கேட்டுடணும்னு ஒரு ஒப்பந்தம். லேட்டாக ஆக வாயத் திறக்கறது கஷ்டமாயிடும். கிளாஸ் முடிஞ்ச அன்னைக்கே யார் என்ன சொன்னாங்க, தன் கருத்து எங்க மாறுச்சுன்னு அரைப் பக்கம் எழுதினா போதும், நோட்ஸ்னு வேற எதுவும் தேவையில்ல.

படி 6: எழுத்து

இதுக்கு பழைய கிரீக் பள்ளிகள்ல ஒரு பயிற்சி வரிசை இருந்தது, புரோஜிம்னாஸ்மாட்டானு பேரு. நாலாம் நூற்றாண்டு கிரீக் ஆசிரியர் அஃப்தோனியஸோட வரிசையில மொத்தம் 14 பயிற்சி, நீதிக்கதையைத் திருப்பிச் சொல்றதுல ஆரம்பிச்சு ஒரு சட்டத்தை ஆதரிச்சோ எதிர்த்தோ வாதாடறது வரைக்கும் போகும். நடுவுல மறுப்பு, நிறுவல்னு ஒரு ஜோடி வரும், டீனேஜ் பிள்ளைக்கு அதுதான் விருந்து. ஒரு பழங்கதையை எடுத்து இது நடந்திருக்கவே முடியாது, முன்னுக்குப் பின் முரண்னு ஒரு கட்டுரை, அடுத்த வாரம் அதே கதையை ஆதரிச்சு இன்னொரு கட்டுரை. அஃப்தோனியஸே அப்போலோ டாஃப்னி கதையை ரெண்டு பக்கமும் நின்னு எழுதிக் காட்டியிருக்கார். ரெண்டு பக்கமும் அதே பலத்தோட எழுதத் தெரிஞ்ச பிள்ளைகிட்ட வாக்குவாதம் பண்றது வீட்டுல உங்களுக்கு கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும், அதுக்கு நான் பொறுப்பில்ல.

இது ஓரளவு வந்ததும் சொற்கலை கோர்ஸ். அரிஸ்டாட்டில் சொல்ற மூணு வழி, அதாவது பேசறவன் மேல நம்பிக்கை, கேக்கறவனோட உணர்ச்சி, வாதத்தோட பலம், அதுக்கப்புறம் ரோமானியர்கள் பிரிச்ச அஞ்சு வேலை: என்ன சொல்றதுன்னு தேடறது, அடுக்கறது, நடை, மனசுல நிறுத்தறது, பேசிக் காட்டறது. கடைசி ரெண்டை விட்டுட்டு மூணோட நிறுத்தற கோர்ஸ்தான் ஜாஸ்தி. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது பிள்ளை எழுந்து நின்னு பேப்பர் இல்லாம பேசணும்.

ஏஐ பத்திக் கேக்காம இருக்க மாட்டீங்க. தடை போட்டுக் காவல் காக்கறது நடக்கற காரியமில்ல. மென்டர் கட்டுரையை வாங்கிட்டு பத்து நிமிஷம் வாய்மொழியா கேள்வி கேக்கற வழக்கம் வச்சிருந்தா போதும், தான் எழுதாததை ரெண்டாவது கேள்விக்கு மேல யாராலயும் காப்பாத்த முடியாது. உங்க மென்டர்கிட்ட இந்த வழக்கம் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா சாப்பாட்டு நேரத்துல நீங்களே அந்த வேலையைப் பாருங்க.

படி 7: பெற்றோர் எங்க நிக்கணும்

கிளாஸ்ல கேமராவுக்கு வெளிய உக்காந்து பதில் எடுத்துக் குடுக்காதீங்க, இது நடக்குது, மென்டருக்கு நல்லாவே தெரியும். கட்டுரையை அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க திருத்தி அழகாக்கி அனுப்பாதீங்க, அப்புறம் மென்டர் திருத்தறது உங்களைத்தான். நீங்க செய்ய வேண்டியது ரெண்டே ரெண்டு. படிக்கற நேரத்துக்கு யாரும் குறுக்க வராம பாத்துக்கறது, வாரம் ஒரு தடவை பிள்ளை உங்களுக்கு அந்த வாரத்துப் பாடத்தை எடுத்துச் சொல்ல வைக்கறது, நன்னூல் சொன்ன அந்த அரைப் பங்குக்காக. நீங்க அந்தப் புத்தகத்தைப் படிச்சதே இல்லன்னா இன்னும் சௌகரியம், புரியலன்னு மனசாரச் சொல்லலாம்.

படி 8: ரெக்கார்டு

ஹோம்ஸ்கூல் சட்டம் நாட்டுக்கு நாடு, சில நாட்டுல மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்க இடத்துல பதிவு பண்ணணுமா, பரீட்சை எழுதணுமான்னு கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. மென்டர் தர்ற சர்டிஃபிகேட்டுக்கு தானா அரசு அங்கீகாரம் வந்துடாது. காலேஜ் கேக்கறது போர்டு பரீட்சைனா அதுக்குத் தனியா தயாராகணும், கிளாசிக்கல் கோர்ஸ் அதுக்கு மாத்து கிடையாது.

முதல் நாள்ல இருந்தே ஒரு ஃபோல்டர் போடுங்க. கோர்ஸ் பேரு, மென்டர் பேரும் தகுதியும், சிலபஸ், படிச்ச புத்தகங்களோட பதிப்பு, மணி நேரக் கணக்கு, ஒவ்வொரு செமஸ்டர்லயும் ஒரு நல்ல கட்டுரை, அதோட முதல் ட்ராஃப்டும் திருத்தின ட்ராஃப்டும். அமெரிக்க முறையில டிரான்ஸ்கிரிப்ட் (படிச்ச கோர்ஸ், கிரேடு எல்லாம் அடங்கின பட்டியல்) போடறதா இருந்தா கார்னெகி யூனிட்ங்கற கணக்குப்படி ஒரு கிரெடிட் சுமார் 120 மணி நேரம். கிரேடோட நிக்காம ஒவ்வொரு கோர்ஸுக்கும் நாலு வரி விளக்கம் எழுதி வைங்க, "ஹியூமானிட்டீஸ் 1"னு மட்டும் போட்டிருந்தா அட்மிஷன் ஆபீஸ்ல உக்காந்திருக்கறவருக்கு ஒண்ணும் புரியாது. மென்டரோட சிபாரிசுக் கடிதத்துக்கு கடைசி வருஷம் ஓடாதீங்க, ரெண்டு வருஷமாவது பிள்ளையோட எழுத்தைப் படிச்சவர் எழுதினாத்தான் அதுல சரக்கு இருக்கும்.

படி 9: சரிப்பட்டு வரலன்னா

முதல் ஆறு வாரம் பொறுங்க, பழகற கஷ்டம் எல்லாருக்கும் உண்டு. அதுக்கப்புறமும் கட்டுரை திரும்பி வர மாசம் ஆகுது, வந்தாலும் மார்க் மட்டும்தான், கிளாஸ்ல அதே ரெண்டு பேர்தான் பேசறாங்கன்னா மென்டர்கிட்ட நேரடியா சொல்லுங்க, பிள்ளையை நடுவுல வச்சு தூது விடாதீங்க. சொல்லியும் மாறலன்னா செமஸ்டர் முடிவுல மாத்திடுங்க, கட்டின பணத்துக்காக முழு வருஷமும் இழுக்க வேண்டியதில்ல. ரீஃபண்ட் விதியை சேர்றப்பவே எழுத்துல வாங்கி வைங்க.

ஆனா பிள்ளை "அவர் ரொம்பக் கேள்வி கேக்கறார், எதை எழுதினாலும் விட மாட்டேங்கறார்"னு புலம்பினா அதுக்காக மாத்தாதீங்க. அந்த ரக மென்டர் கிடைக்கறதே அபூர்வம். அடுத்த வருஷத்துக்கும் அவர்கிட்ட இடம் இருக்கான்னு இப்பவே கேட்டு வைங்க, சீக்கிரம் நிரம்பிடும்.